படித்துக் காட்டாத பக்கம்

நகஹாமா,
1983 மே 12

அன்புள்ள மிசாவோ அக்காவுக்கு,

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து இலை வந்துவிட்டது. துறைமுகத்தில் மட்டும் இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. உங்கள் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? செண்டாயில் நல்ல வைத்தியர் இருப்பார், ஆனால் நீங்கள்தான் போகமாட்டீர்கள். என் வீட்டுக்காரர் யசுஜியின் கப்பல் தெற்கே சூரைமீன் பின்னால் போயிருக்கிறது. இலையுதிர் காலம் வரை வீட்டில் நானும் சிஹாருவும்தான்.

உங்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள் போன வாரம் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் எப்படிப் படிகிறது என்று ஆராய்ச்சியாம். கழுத்தில் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். சிஹாருவுக்கு வெள்ளை நாரைப் பாடம் வந்தது. மூச்சு வாங்காமல் முடித்தாளாம். வந்தவர்களில் ஒருவர், "உங்க பொண்ணு வாயைத் திறந்தா ரேடியோ மாதிரியில்ல இருக்கு" என்று என்னிடமே சொன்னார். பேராசிரியர் மகாபேயும் வந்திருந்தார். இரண்டாம் வகுப்பிலேயே இப்படிப் படிக்கும் பள்ளியைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இகராஷி டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் சொல்கிறபடி நாங்கள் தாய்மார் எல்லோரும் தினமும் சாயங்காலம் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்கவைக்கிறோமே, அதன் பலன் என்கிறார்.

பிப்ரவரியில் மறுபடி வருவார்களாம். எந்தப் பக்கத்தைக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வேறொன்றுமில்லை, பிள்ளை மிரளாமல் இருக்கத்தான்.

குளிர் முழுதாகப் போகும்வரை ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதீர்கள்.

தெருயோ


செண்டாய்,
ஜூன் 3

தெருயோவுக்கு,

மழைக்காலத்துக்கு முந்தைய வெயில் இங்கே. தோள்பட்டை வலி இருக்கிறது, அதற்கு நான் பழகிவிட்டேன். நீயும் குழந்தையும் சுகம் என்று அறிந்து நிம்மதி.

பக்கத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அது தேர்வாக இருக்காது.

அந்த வாசிப்புத் தேர்வைத் தயாரித்தவள் நான். நான் தயாரித்தபோது அதில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று, பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். இன்னொன்று, எந்தக் குழந்தையும் இதுவரை பார்த்திராத பக்கம். அதற்காகவே சிறு கதைகளாக எழுதிவைத்திருந்தேன். உங்கள் பள்ளிக்குப் புறப்படுவதற்கு முன் மகாபே இரண்டாவது பகுதியை நீக்கிவிட்டார். "தெரியாத பக்கத்தை நீட்டினா பிள்ளைங்க பயந்துடும் மிசாவோ. நாம பயத்தை அளக்கவா போறோம்?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் என் மறுப்பை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் இல்லை.

அவருடைய கொள்கை உனக்குத் தெரிந்திருக்காது. நம் கானா எழுத்தில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஆகவே நம் நாட்டில் படிக்க முடியாத குழந்தையே கிடையாது. படிக்க வராதது மேல்நாட்டார் நோய். இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறார். அப்படிப்பட்ட குழந்தையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே பகுதியை நீக்கிவிட்டு, கண்டுபிடிக்கவில்லை என்று சொல்வது சுலபம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கம் ஏன் முன்கூட்டி வேண்டும்? அதை மட்டும் எழுது.

மழையில் நனைந்துகொண்டு சந்தைக்குப் போகாதே.

மிசாவோ


நகஹாமா,
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஓயாத மழை. மடித்து வைத்த துணியெல்லாம் பூஞ்சை வாசனை. உங்களுக்கு ஜலதோஷம் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

முடிவுகள் வந்துவிட்டன. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிஹாரு வாசிப்பில் வகுப்பிலேயே முதல். கணக்கில் கடைசி வரிசை. இகராஷி டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, பிறகு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மீன்பிடிக் குடும்பங்கள்ல எண் அறிவு கொஞ்சம் மெதுவாத்தான் வரும்னு பேராசிரியரே எழுதியிருக்கார்."

"எந்தக் குடும்பத்துல டீச்சர்?"

"பொதுவாச் சொன்னது."

"பொதுவாப் பாக்கணும்னா ஒரு நாள் விடியக்காலையில சந்தைக்கு வரச் சொல்லுங்க. ஹட்டா பெரியவரோட படகு வந்ததும் பாருங்க."

அக்கா, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பிடித்த மீனைப் படகுக்கு ஒரு பங்கு, ஓட்டுபவனுக்கு ஒன்றரை, வலை இழுத்தவர்களுக்கு ஒவ்வொன்று, ஆளைக் கடலில் பறிகொடுத்த வீட்டுக்கு அரைப் பங்கு என்று பிரிப்பார்கள். பெட்டி எத்தனை என்று யாராவது கத்தினால் போதும், யாருக்கு எவ்வளவு என்று சிஹாரு திருப்பிக் கத்துவாள். "இவ வந்ததுலேர்ந்து என் மணிச்சட்டம் தூசி தின்னுக்கிட்டுக் கெடக்கு" என்பார் ஹட்டா. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராதாம். கடல் பக்கம் பிறந்ததால் வராதாம். எங்கள் மூளையில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது என்று நேராகவே எழுதியிருக்கலாம்.

அந்த ஆராய்ச்சியில் நீங்களும் இருக்கிறீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வயிற்றைக் கெடுக்கும் பருவம், பார்த்துச் சாப்பிடுங்கள்.

தெருயோ


செண்டாய்,
ஜூலை 19

தெருயோவுக்கு,

இங்கேயும் மழை விடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கோபம் நியாயம். அந்த வரியை நானும் பார்த்தேன். அது ஆராய்ச்சி இல்லை, ஊர் வம்பு. அறிவியல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஆகவே சிஹாருவின் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். வெறும் எண்களாகக் கொடுத்த கூட்டலும் கழித்தலும் எல்லாம் சரி. ஒரு பிழைகூட இல்லை. "கூடையில் இத்தனை பழம் இருந்தது" என்று வாக்கியமாக எழுதியிருந்த கணக்குகள் எல்லாம் காலி. தப்பு இல்லை தெருயோ, காலி. பென்சில் படவே இல்லை. அந்தத் தாளை யாரும் வாய்விட்டுப் படித்துக் காட்டவில்லை. பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

முன்னோரை வணங்கும் ஓபோனுக்கு இந்த முறை வருகிறேன். அம்மா அப்பா கல்லறைக்கும் போய் நாளாயிற்று.

வெயில் சுள்ளென்று திரும்பும்போதுதான் தலைவலி வரும். தொப்பி போட்டுக்கொள்.

மிசாவோ


செண்டாய்,
ஆகஸ்ட் 24

தெருயோவுக்கு,

சில்வண்டு இரைச்சல் குறைந்திருக்கிறது. நீ கட்டிக் கொடுத்த உலர் கணவாயைத் துறைத் தோழிகளோடு பகிர்ந்துகொண்டேன். நன்றி. நீ இளைத்திருக்கிறாய். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது அது ஒன்று மட்டும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் சிஹாரு எனக்குப் படித்துக் காட்டினாள். மின்விசிறிக் காற்றில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. அவள் கண் புதிய பக்கத்தில் இருந்தது. வாய் பழைய பக்கத்தையே தொடர்ந்தது. ஒரு சொல் பிசகவில்லை, ஒரு நொடி தயங்கவில்லை. நான் தலையை நிமிர்த்தினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "தர்பூசணி வெட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனாய்.

சிஹாருவுக்குப் படிக்கத் தெரியாது. நீ முதலில் சொல்கிறாய், அவள் கேட்டுப் பிடித்துக்கொள்கிறாள். வாசிப்பில் முதல், கணக்கில் கடைசி என்று நாங்கள் எழுதியது தலைகீழ். அவள் மந்தம் இல்லை. ஒரு புத்தகத்தையே காதால் வாங்கித் தலையில் வைத்திருப்பவள் மந்தமாக இருக்க முடியாது. ஆனால் மூன்றாம் வகுப்பில் பாடம் நீளும், சீன எழுத்துகள் கூடும். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஓதும் நேரம் குறையும். எல்லாவற்றையும் காதால் வாங்க முடியாது. அதற்கு முன்னால் யாராவது அவளுக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், அவளுக்குத் தெரியாது என்று முதலில் யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோபப்பட்டாலும் பதில் எழுது. சாப்பாட்டைக் குறைக்காதே.

மிசாவோ


செண்டாய்,
அக்டோபர் 6

தெருயோவுக்கு,

ஜின்கோ இலைகள் ஓரம் மஞ்சளாகிவிட்டன. புயல் நகஹாமாவைத் தொடாமல் போனதாக வானொலியில் சொன்னார்கள். அதைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசியை எடுத்துவிட்டு, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய்.

நலமா என்று மட்டுமாவது எழுது.

மிசாவோ


நகஹாமா,
நவம்பர் 9

அக்காவுக்கு,

பனி விழத் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? முதல் வகுப்பிலிருந்தே தெரியும். "அ" வரிசையைக் காட்டினால் இன்று சொல்வாள், நாளை மறப்பாள். மீன் பெட்டியில் பெயரை எழுதி ஒட்டினேன், குளியலறைச் சுவரில் ஒட்டினேன். அழுதாள். நானும் அழுதேன். பிறகு ஒருநாள் நான் படித்ததை அப்படியே திருப்பிச் சொன்னாள், டீச்சர் பாராட்டாக வட்டப்பூ முத்திரை குத்தி அனுப்பினார். பிள்ளை எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தாள். அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

படிக்கவில்லை என்று தெரிந்தால் பக்கத்து ஊரில் இருக்கும் தனி வகுப்புக்கு அனுப்புவார்கள். அங்கே போன பிள்ளைகளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, மணி கோக்கச் சொல்கிறார்கள். மீன் கடையில் என் காது படவே, "அந்த வகுப்புல சேந்துட்டா அப்புறம் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்காது" என்று பேசுவார்கள். பேசுகிறவளின் பேரனும் என் மகள் மாதிரிதான். அவன் அம்மாவும் சாயங்காலம் படித்துக் காட்டுகிறாள். எங்களுக்குள் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம், பேசமாட்டோம்.

எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை என்று சொல்ல மாட்டேன். கடிகாரத்தோடு வந்த படித்த ஆம்பளைகள் என் மகளின் வாயைப் பார்த்தார்கள். கண்ணை யாரும் பார்க்கவில்லை. மின்விசிறிக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்துக்குத் தெரியவில்லை.

சரி. நான் ஒப்புக்கொள்கிறேன். பெயரைச் சொல்லாமல் அந்தப் பேராசிரியரிடம் சொல்லுங்கள். பிப்ரவரியில் உங்கள் பக்கத்தை, யாரும் பார்க்காத அந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். என் மகள் ஒருத்தி தடுமாறினால் அது அவள் குறை. கூட நாலு பேர் தடுமாறினால் பள்ளி ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

தோள்பட்டையில் இந்தக் குளிர் ஏறும். வெந்நீர்ப் பை அனுப்பியிருக்கிறேன்.

தெருயோ


செண்டாய்,
1984 ஜனவரி 11

தெருயோவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. வெந்நீர்ப் பை நன்றாகச் சூடு தாங்குகிறது. யசுஜி ஊர் வந்து போனதை எழுதியிருந்தாய், மகிழ்ச்சி.

மகாபேயிடம் பேசினேன். பெயர் சொல்லவில்லை. அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "கடலோரத்துப் பிள்ளைங்க அருமையாப் படிக்குதுன்னு எழுதினா யாருக்கு என்ன நட்டம், மிசாவோ?" என்றார்.

"படிக்கத் தெரியாத பிள்ளைக்கு நட்டம் சார். நாம அளந்தது வாசிப்பை இல்ல, ஞாபகத்தை."

"ஒரு பிள்ளை கண்ணு ஒரு பக்கத்துலயும் வாய் வேற பக்கத்துலயும் இருந்ததை நீங்க பாத்தீங்க. அது ஆதாரமா?"

"இல்ல சார். அதனாலதான் இரண்டாவது பகுதியைக் கேக்கறேன். நான் தப்புன்னா அதுலயே தெரிஞ்சிடும்."

"வெளிநாட்டுலேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க. அவங்க முன்னாடி பிள்ளைங்களைத் திணறவிட்டு வேடிக்கை பாக்கணுமா? உங்களுக்குக் குழந்தை இல்ல, அதனால இந்தக் கஷ்டம் புரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் சொல்லும் மதிப்பு இல்லை.

இங்கே வேறு செய்தி பெரிதாக இல்லை. என் மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், பழைய சஞ்சிகைகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில். சத்தமே இல்லை, எழுத வசதியாக இருக்கிறது. பிப்ரவரியைப் பற்றி நீ கவலைப்படாதே.

நீ இந்த முறையும் இளைத்திருந்தால் கோபப்படுவேன்.

மிசாவோ


நகஹாமா,
பிப்ரவரி 21

அக்காவுக்கு,

பிளம் மரத்தில் ஒரே ஒரு பூ. நாங்கள் நலம். உங்கள் நலம் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

நேற்று பெற்றோர் வகுப்பைப் பார்க்கும் நாள். தாய்மார் நாங்கள் எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி வகுப்பின் பின்சுவரை ஒட்டி நின்றோம். முன்னால் மகாபேயும் வெளிநாட்டுக்காரர்களும். நான் உங்களைத் தேடினேன்.

காலையில் சோறு சாப்பிடும்போதே சிஹாரு கேட்டாள். "அம்மா, இன்னைக்கும் புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கணுமா?"

"ஏன்டி?"

"அது சும்மாத்தானே இருக்கு. கை வலிக்குது."

அக்கா, நான் சூப்பை ஊற்றினேன்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். முதல் இரண்டு வரி புத்தகத்தைப் பிடித்தபடி சொன்னாள். அப்புறம் மூடி மேசைமேல் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரை சொல்லி முடித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

கைதட்டினார்கள். எல்லோரும், வெளிநாட்டுக்காரர்கள் உட்பட. மகாபே அவர்களிடம், "பாத்தீங்களா, எங்க பிள்ளைங்களுக்கு எழுத்து ரத்தத்துலயே இருக்கு" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் இன்னொரு முறை தட்டினார்கள். மூடிய புத்தகத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். சிஹாரு திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோர் கையும் ஆடியது, என் கை ஆடவில்லை.

பின்சுவரில் நிற்கும் அம்மா வாயைத் திறப்பது வழக்கமில்லை. நான் திறந்தேன்.

"சார், அவ படிக்கல. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இன்னும் நடத்தாத பாடத்துல ஒரு வரி குடுத்துப் பாருங்க."

"அம்மா, பிள்ளை முன்னாடி இப்படிப் பேசலாமா?" என்றார் மகாபே.

சிஹாருதான் பதில் சொன்னாள். சந்தையில் கத்தும் அதே குரல். "ஆமா சார், எனக்குத் தெரியாது. கணக்கை நீங்க படிங்க, நான் விடை சொல்றேன்."

மகாபே சிரிக்கப் பார்த்தார். இகராஷி டீச்சர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றவர், அலமாரியிலிருந்து அந்தக் கணக்குத் தாளின் பிரதியை எடுத்தார். காலியாக விட்டாளே, அதுதான். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் சிஹாரு விடையைச் சொல்லிவிட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கணக்கு வரை டீச்சரால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. மகாபே கடிகாரத்தைப் பார்த்தார், ரயிலுக்கு நேரமாகிறதாம்.

அப்போது என் பக்கத்தில் நின்ற ஹட்டா வீட்டு மருமகள் மெதுவாக, "டீச்சர், எங்க வீட்டுப் பையனுக்கும் இப்படித்தான்" என்றாள். பிறகு இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை. தனி வகுப்பு என்று யாரும் வாயெடுக்கவில்லை, ஒரே வீட்டுப் பிள்ளை இல்லையே. பள்ளி முடிந்ததும் மூவரையும் என்னோடு உட்காரவைத்துக்கொள்கிறேன், கேள்விகளை இனி நானே படித்துக் காட்டுகிறேன் என்றார் டீச்சர். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று தனக்கும் தெரியாது என்று சொன்னார். அதைச் சொன்னதற்காகவே அவரை மன்னித்துவிட்டேன்.

வாசலில் ஒரு உதவியாளரிடம் உங்களைக் கேட்டேன். "மிசாவோ மேடமா? அவங்களை டிசம்பர்லயே குழுவுலேர்ந்து எடுத்துட்டாங்களே" என்றார். கீழ்த்தளம் அமைதியாக இருக்கிறது என்று எழுதினீர்களே அக்கா. எனக்காக வேலையை விட்டுக்கொடுத்துவிட்டு என்னிடமே மறைப்பீர்களா?

பதில் எழுதுங்கள். வெந்நீர்ப் பையைப் பற்றி இல்லை.

தெருயோ


செண்டாய்,
மார்ச் 13

தெருயோவுக்கு,

பனி உருகிச் சாக்கடையெல்லாம் சத்தம் போடுகிறது. என் நலம் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடு. சம்பளம் வருகிறது, மேசை இருக்கிறது, தோள்பட்டை அப்படியே இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். முதல் வகுப்பிலிருந்து நீ ஏன் மறைத்தாயோ அதனால்தான். சொன்னால் நீ வாயை மூடிக்கொண்டிருப்பாய் என்று பயந்தேன். இது உனக்காக மட்டும் செய்ததும் இல்லை. மகாபே அந்தக் கொள்கையை எழுதிக்கொண்டிருந்த இருபது வருடமும் எத்தனை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மகாபேயின் அறிக்கை அச்சாகிவிட்டது. நகஹாமா பள்ளி அதில் இல்லை. "நடைமுறைக் காரணங்களால் ஒரு பள்ளி கணக்கில் சேர்க்கப்படவில்லை" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி. முடிவு பழைய முடிவுதான். நம் நாட்டில் படிக்க முடியாத குழந்தை இல்லை. இருந்த குழந்தைகளை ஒரு வரியில் கடலில் தள்ளிவிட்டார். மீன்பிடிக் குடும்பங்களைப் பற்றிய வாக்கியம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நான் மறுப்பு எழுதியிருக்கிறேன். பெரிய சஞ்சிகைகள் எடுக்கவில்லை. ஆசிரியர் சங்கத்துப் பத்திரிகை எடுத்துக்கொண்டது. அதை இகராஷி டீச்சர்கள் படிப்பார்கள், மகாபேக்கள் படிக்கமாட்டார்கள். இப்போதைக்கு அது போதும்.

பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை தொடங்கியதும் அங்கே வருகிறேன். விடுமுறைக்குள் சிஹாரு படித்துவிடுவாள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் மகாபேக்கும் வித்தியாசம் இல்லை. ஓர் எழுத்து நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றால் அடுத்தது. ஹட்டா வீட்டுப் பையனையும் மற்றவனையும் வரச் சொல். டீச்சரையும் கூப்பிடு, சேர்ந்தே தடுமாறுவோம்.

ஒரு பக்கம் கொண்டுவருகிறேன். போன வருடம் நீக்கப்பட்ட பக்கங்களில் ஒன்று, மிகச் சிறியது. அதில் என்ன இருக்கிறது என்று நீ இந்த முறையும் கேட்பாய், நான் இந்த முறையும் சொல்ல மாட்டேன். மேசைமேல் வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போய்வருவேன். நான் திரும்பும்வரை நீ அதை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

நன்றாகச் சாப்பிடு.

மிசாவோ